செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் வரவில்லை: இன்ஜின் மாற்றிய வண்டிகளின் கோளாறு குறித்து

இன்ஜின் மாற்றிய காரில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாத்திப் பார்த்தால் பொறியே இல்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் முதலில் ஒரு புது ஹெச்.டி. காயில் வாங்குகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக், பிறகு பிளக் வயர், கடைசியில் டிஸ்ட்ரிப்யூட்டரையே மாற்றுகிறார்கள். காசு கரைகிறது, பொறி வருவதில்லை.

மாட்டிய இன்ஜின் இன்னொரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்ததுதான். வண்டியின் வயரிங்கும் இன்னொரு இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்ததுதான். தனித்தனியே இரண்டிலும் குறையில்லை என்றால், இரண்டையும் சேர்த்த இடங்களில்தான் கோளாறைத் தேட வேண்டும். கழற்றிய கப்ளர், மறந்த எர்த் பட்டை, வெட்டி ஒட்டிய வயர், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு காலத்து இக்னிஷன் முறைகள் ஆகியவையே அந்த இடங்கள். எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன் எந்த இணைப்பு விட்டுப்போனது என்று கேட்டால் பாதிச் செலவு மிச்சமாகும். வடக்கனந்தல் போன்ற ஊரில் அந்த மிச்சம் சிறிய விஷயம் அல்ல.

வடக்கனந்தல் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி. பக்கத்தில் கச்சிராயப்பாளையம், அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, அதைத் தாண்டினால் கோமுகி அணை, அதற்கப்பால் வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. மலைக்கு ஆளும் சரக்கும் ஏற்றும் ஜீப்புகளும் பொலிரோக்களும் டீசல் வண்டிகள். டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்வதால் பொறிக்கு அங்கே வேலையில்லை. பொறி தேவைப்படுபவை சமவெளிக் குடும்பங்களின் பெட்ரோல் வண்டிகளான ஆம்னி, மாருதி 800, எங்கோ மிஞ்சியிருக்கும் அம்பாசடர். இவற்றின் இன்ஜின் புகை தள்ளத் தொடங்கினால் ரீபோர் செய்வதா, செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாட்டுவதா என்ற கேள்வி வருகிறது. ரீபோருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பலர் சென்னை புதுப்பேட்டைக்குப் போய், ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினை உளுந்தூர்பேட்டை வழியாக மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இன்ஜினோடு வர வேண்டிய சின்னச் சின்னப் பாகங்கள் புதுப்பேட்டையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அது தெரியவரும்போது இன்ஜின் இங்கே வண்டிக்குள் இறங்கியிருக்கும்.

வேறொரு வண்டியின் இன்ஜினை மாட்டுவதை ஒட்டுவேலை என்று இகழ்கிறவர்கள் இந்தியக் கார்களின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 காரின் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, உள்ளே இருந்ததோ பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு வழிவந்த 2 லிட்டர் இன்ஜின். அதே ஆண்டு வந்த பிரீமியர் 118 என்.இ. ஃபியட் 124-இன் உடலில் நிசான் இன்ஜினைச் சுமந்தது. வாக்ஸாலின் உடலோடு 1984-இல் வந்த கான்டெஸாவுக்கு முதலில் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், பின்னால் இசுஸு 1.8. அம்பாசடருக்கே 1990களின் தொடக்கத்தில் அந்த இசுஸு இன்ஜின் வந்தது. ஆக, இன்ஜின் மாற்றம் தொழிற்சாலைகளே செய்துவந்த வேலைதான். ஆனால் தொழிற்சாலை இன்ஜினை மாற்றியபோது வயரிங் செட்டையும் அந்த இன்ஜினுக்கென்றே புதிதாக அமைத்தது. எர்த் எங்கே பிடிக்கும், காயிலுக்கு எந்த வயர் போகும் என்பதெல்லாம் படத்தில் இருந்தது. ஒர்க்ஷாப்பில் இன்ஜின் மாற்றும்போது விட்டுப்போவது அந்தப் படம்தான்.

பொறி பிறக்கும் விதம் தெரியாமல் அதைத் தேட முடியாது. இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறை. 1910 மாடல் கெடிலாக் காரில் அது வந்தது. காயிலுக்குள் தடித்த கம்பி சில நூறு சுற்றும், மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்றும் இருக்கும். தடித்த கம்பியில் பேட்டரியின் 12 வோல்ட் கரண்ட் பாயும்போது காந்தப்புலம் உருவாகிறது. அந்தக் கரண்டைச் சட்டென்று அறுத்தால் புலம் சரிந்து, மெல்லிய கம்பியில் 15,000, 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது அதுதான். கரண்டை அறுக்கும் வேலையைப் பழைய வண்டியில் பாயின்ட் செய்தது, பிறகு இக்னைட்டர் செய்தது, இப்போது ஈ.சி.எம். என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கட்டளைப்படி டிரான்சிஸ்டர் செய்கிறது. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973-இல் தன் கார்கள் எல்லாவற்றிலும் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிட்டது. இங்கே அம்பாசடரில் 1990களிலும் பாயின்ட் இருந்தது. சென்னை பாடியில் 1961-இல் அமைந்த லூகாஸ் டி.வி.எஸ். தயாரித்த காயிலும் டிஸ்ட்ரிப்யூட்டரும் இரண்டு தலைமுறை மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கம் ஆனவை.

கரண்டை அறுக்கும்போதுதான் பொறி வருகிறது என்ற இந்த ஒரு விவரத்தில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது. டெஸ்ட் லேம்பைக் காயிலின் பிளஸ் முனையில் வைத்து, எரிகிறதைப் பார்த்து, ‘காயிலுக்குக் கரண்ட் வருது, அப்போ காயில்தான் போச்சு’ என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் வருவது பாதிக் கதைதான். அது மைனஸ் முனையில் அறுபடுகிறதா என்று பார்த்தால்தான் மீதி தெரியும். பார்க்கும் முறையும் எளிது. லேம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறு முனையைக் காயிலின் மைனஸில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். பாயின்ட் அல்லது இக்னைட்டர் வண்டியில் விளக்கு மினுக்கு மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் அறுக்கும் பக்கம் சரி. அதற்குமேல் தேட வேண்டியவை காயில், அதிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் நடு வயர், கேப் என்கிற டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ரோட்டார் ஆகியவை மட்டும். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் மைனஸ் முனை எங்கோ நிரந்தரமாக எர்த்தில் பட்டிருக்கிறது. எரியவே இல்லை என்றால் கரண்ட் ஓட வழியே கிடைக்கவில்லை. சில ரூபாய் பல்ப் ஒன்று கோளாறை இப்படி மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஈ.சி.எம். வண்டிகளில் மட்டும் பல்ப் இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைப் பாதிக்கக்கூடும் என்பதால் எல்.இ.டி. லேம்ப் வைப்பது நல்லது.

லேம்பை எடுப்பதற்கு முன்பே எர்த்தைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டியில் முதல் சந்தேகம் விழ வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. இன்ஜின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜினையும் பாடியையும் சேர்ப்பது பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான். பழைய இன்ஜினை இறக்கும்போது அந்தப் பட்டை அதோடேயே போய் மூலையில் கிடக்கும். புது இன்ஜினை மாட்டியவர் கண்ணில் படுகிற போல்ட் அத்தனையும் முறுக்கியிருப்பார், பட்டை மட்டும் விட்டுப்போயிருக்கும். பேட்டரியின் மைனஸ் பாடியில் பிடித்திருக்கும் வண்டியானால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிளிலும் கிளச் கேபிளிலும் பாய்கிறது. கேபிள் தொட முடியாதபடி சுடும், மேலுறை உருகும், செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றும். அப்போது காயிலுக்கு மிஞ்சும் வோல்ட்டில் பொறி எழாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது எர்த்தில் எப்படிக் குறை இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. பேட்டரியின் மைனஸ் நேராக இன்ஜினுக்கே போகும் வண்டிகளில் செல்ஃபுக்கு முழு எர்த் கிடைத்துவிடும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை இல்லையென்றால் பாடியில் மாட்டிய இக்னைட்டருக்கு எர்த் கிடைக்காது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் பல எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் ஈ.சி.எம்.மின் எர்த் வயர்கள் இன்ஜினிலோ மேனிஃபோல்டிலோ ஒரு சின்ன போல்ட்டில் பிடித்திருக்கும். அந்த போல்ட்டை மாட்டாமல் விட்டாலும், இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த இடமும் சேர்ந்து மூடிக்கொண்டாலும் விளைவு ஒன்றே. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கட்டையிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். அடுத்து அதே சோதனையை பாடிக்கும் இக்னைட்டர் உடலுக்கும் செய்ய வேண்டும். வோல்ட் ஏறினால் பட்டையை மாட்டி, பெயின்டைச் சுரண்டி, நட்டை இறுக்க வேண்டும். இதற்கெல்லாம் பாகம் வாங்கத் தேவையே இல்லை.

அடுத்தது சாவி. சில வண்டிகளில் இக்னிஷன் ஸ்விட்சின் ஆன் நிலையில் காயிலுக்கு 12 வோல்ட் வரும், செல்ஃப் அடிக்கும் நிலைக்குப் போனதும் அது நின்றுவிடும். வயரை வெட்டி ஒட்டும்போது தப்பான வயரில் சேர்த்தால் இப்படி ஆகும். இதன் அடையாளம் தெளிவானது. செல்ஃப் சுற்றும்வரை ஒன்றும் இராது, சாவியை விட்ட அந்தக் கணத்தில் இன்ஜின் ஒருமுறை இருமும். அந்த இருமலைக் கேட்டவர் காயிலைக் கழற்றத் தேவையில்லை, ஸ்விட்சிலிருந்து வரும் வயரைத் தேடினால் போதும். பழைய வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பாலஸ்ட் ரெசிஸ்டரோ, ரெசிஸ்டன்ஸ் வயரோ இருக்கலாம். ரெசிஸ்டருக்கென்று செய்த காயில் ஏறத்தாழ ஒன்றரை ஓம் காட்டும், நேர் 12 வோல்ட் காயில் 3 ஓம் அளவு காட்டும். மூன்று ஓம் காயிலை ரெசிஸ்டர் வயரில் மாட்டினால் பொறி மங்கும். ஒன்றரை ஓம் காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் காயிலும் பாயின்டும் சூடேறிக் கருகும். எந்த வண்டியிலிருந்து எந்தக் காயில் வந்தது என்று நினைவில்லாதபோது மீட்டர் சொல்வதை நம்பலாம்.

விளக்கு அணையாமல் எரியும் வண்டியின் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து பார்ப்போம். பாயின்டின் அசையும் கை ஒரு சின்ன ஸ்பிரிங்கோடு ஒரு கம்பத்தில் மாட்டியிருக்கும். காயிலின் மைனஸிலிருந்து வரும் வயரும் கண்டன்சர் வயரும் அந்த ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், கம்பத்தைத் தொடக்கூடாது. நடுவே இருப்பது ஒரு நைலான் புஷ்ஷும் ஒரு ஃபைபர் வாஷரும். விரல் நகத்தைவிடச் சிறியவை. பாயின்ட் மாற்றும் அவசரத்தில் அந்த வாஷர் கீழே விழுந்துவிட்டாலோ, வயர் வளையத்தை வாஷருக்கு அந்தப் பக்கம் கோத்துவிட்டாலோ, மைனஸ் முனை எப்போதும் எர்த்தில்தான் இருக்கும். பாயின்ட் திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரிந்தாலும் மின்சாரக் கணக்கில் அது திறப்பதே இல்லை. ஷார்ட் ஆன கண்டன்சரும் இதையே செய்யும். ஆர்.பி.எம். மீட்டருக்குப் போகும் வயர் எங்கோ பாடியில் உரசினாலும் இதே நிலைதான். கண்டன்சர் வயரையும் மீட்டர் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு விளக்கைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

விளக்கு எரியவே எரியாத வண்டியில் கதை வேறு. மாதக்கணக்கில் திறந்த வெளியில் கிடந்த இன்ஜினாக இருந்தால் பாயின்டின் முகத்தில் மெல்லிய துருப்படலம் படிந்திருக்கும். மூடியது போலத் தெரிந்தாலும் கரண்ட் போகாது. நைஸான உப்புத்தாளை மடித்து இடையில் ஓட்டி, பிசிறு போகத் துடைத்து, அம்பாசடராக இருந்தால் 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டும். அதற்கும் எரியவில்லை என்றால் உள்தட்டை எர்த் செய்யும் சின்ன வயரைப் பார்க்க வேண்டும். வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் தட்டு ஆடுவதால் அந்த வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே முழுதாகத் தெரியும். இழுத்துப் பார்த்தால் ரப்பர் போல நீளும்.

மூடியைத் திறந்த கையோடு ரோட்டார் இருக்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது சுற்றுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். லாரியில் ஏற்றும்போது உடையாமலிருக்க மூடியோடு கழற்றி வைத்த ரோட்டார் திரும்ப மாட்டப்படாமலே போவதுண்டு. மாருதியின் 796 சிசி இன்ஜினில் டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். ரோட்டார் அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிப்யூட்டர் சரியாக உட்காரவில்லை. அப்போது மின்சாரத்தை விட்டுவிட்டு ஸ்பேனரைத்தான் எடுக்க வேண்டும். கேப்பின் நடுவில் இருக்கும் கார்பன் முனை விழுந்திருந்தாலும், மலையடிவாரத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே வேர்த்திருந்தாலும் பொறி பிளக்குக்குப் போய்ச் சேராது.

இதுவரை சொன்னது ஒரே காலத்து இன்ஜினும் வண்டியும் சேர்ந்த கதை. வெவ்வேறு காலத்தவை சேரும்போதுதான் நல்ல மெக்கானிக்கே திணறுகிறார். மாருதி 800-இலும் ஆம்னியிலும் ஒரே 796 சிசி இன்ஜின் குடும்பம் பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் அதில் பாயின்ட் வைத்ததும் உண்டு, இக்னைட்டர் வைத்ததும் உண்டு, 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ.யும் வந்தது. இரும்பு ஒன்றாகத் தெரிவதால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கார்புரேட்டர் இன்ஜினை மாட்டினால், இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியே ஈ.சி.எம்.முக்குப் போகாது. அதனால் அது பொறிக்கு உத்தரவு கொடுக்காது. கார்புரேட்டர் வண்டியில் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை இறக்கினால் உத்தரவு கொடுக்க ஆளே இல்லை.

ஈ.சி.எம். இன்ஜின் சுற்றுவதை அறிவது கிராங்க் சென்சார் வழியாக. ஒரு பல்சக்கரம் சென்சாரின் முன்னால் சுற்றுகிறது. 60 பல்லுக்கான இடத்தில் 2 பல் இல்லாத அமைப்பு ஒன்று, 36-இல் ஒன்று குறைந்த அமைப்பு இன்னொன்று. அந்தப் பல் இல்லாத இடத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈ.சி.எம். கணக்குப் போடுகிறது. சில வண்டிகளில் இந்தப் பற்கள் கிராங்க் புல்லியிலும், சிலவற்றில் ஃபிளைவீலிலும் இருக்கும். பழைய ஃபிளைவீலும் கிளச்சும் நன்றாக இருக்கின்றன என்று அவற்றையே புது இன்ஜினில் மாட்டினால் பல் கணக்கு மாறிப்போகலாம். சென்சாரும் காயிலும் ஈ.சி.எம்.மும் நல்லவையாகவே இருந்தும் பொறி வராது. ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 150, 200 என்று காட்டினால் சென்சார் பேசுகிறது. பூஜ்யமே நின்றால், பி 0335 என்ற பிழைக் கோடு விழுந்தாலும் விழாவிட்டாலும், தேட வேண்டியது சென்சார், அதன் வயர், பல்சக்கரம் மூன்றில்தான்.

இம்மொபிலைசர் இதற்கும் மேலே. மாருதி அதை ஐகேட்ஸ் என்கிறது. சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்பை ஈ.சி.எம். அடையாளம் கண்டால்தான் இன்ஜினை ஓட விடும். வேறு வண்டியின் ஈ.சி.எம்.மைப் பழைய சாவியோடு வைத்தால், பல வண்டிகளில் செல்ஃப் சுற்றும், பொறியும் பெட்ரோலும் வராது. டேஷ்போர்டில் சாவிப் படமோ அதற்குரிய விளக்கோ மினுக்கும். அந்த விளக்கைப் பார்க்காமல் காயில் மாற்றுவது வீண்செலவு.

தொழிலில் இருப்பவர்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு சாரார் எந்த வண்டியானாலும் நடு வயரைக் கழற்றி பாடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து, பொறி குதிக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு சாரார் ஸ்கேனர் இல்லாமல் கை வைக்கவே மாட்டார்கள். பாயின்ட் வண்டிக்கு முதல் வழக்கம் பல காலம் உதவியது. எலெக்ட்ரானிக் வண்டியில் வயரை அப்படித் திறந்து வைத்து செல்ஃப் அடித்தால் போக வழியில்லாத உயரழுத்தம் காயிலின் உள்ளுறையையோ இக்னைட்டரையோ துளைத்துவிடும். நல்ல பாகத்தைக் கெடுத்துவிட்டு, கெட்டது என்று கண்டுபிடித்ததாக ஆகிவிடும். உபரிப் பிளக் ஒன்றை வயரில் செருகி, அதன் உடலைக் கிளிப் வயரால் இன்ஜினோடு கட்டி, பிளக் துளைக்கும் கார்புரேட்டருக்கும் எட்ட வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு, பெட்ரோல் ஆவி பற்றுவதும் தவிரும். ஸ்கேனர்க்காரர்கள் சொல்வதும் முழுச் சரியில்லை. எர்த் இல்லாத ஈ.சி.எம். ஸ்கேனரோடு பேசவே பேசாது, அல்லது பத்துக் கோடுகளைக் காட்டி அலைக்கழிக்கும். எர்த், சாவி வயர், டெஸ்ட் லேம்ப், அதற்குப் பிறகு ஸ்கேனர் என்ற வரிசையில் போகிறவர் ஸ்கேனர் சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்வார்.

பொறி வந்த பிறகும் ஸ்டார்ட் ஆகாத வண்டி உண்டு. மாருதியின் மூன்று சிலிண்டருக்கு 1-3-2 என்ற வரிசை, அம்பாசடருக்கு 1-3-4-2. வயர்கள் இடம் மாறியிருந்தாலோ, டிஸ்ட்ரிப்யூட்டர் அரைச்சுற்று தள்ளி உட்கார்ந்திருந்தாலோ, பொறி தவறான நேரத்தில் விழுந்து கார்புரேட்டர் வழியாகத் துப்பும். அது டைமிங் விவகாரம், இக்னிஷன் சரியாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரம் என்பதையும் மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது, மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. எந்த இன்ஜினுக்கு அனுமதி கிடைக்கும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்கப் போவதே முறை. இன்ஜினோடு விற்பனைச் சீட்டும், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான ஆவணமும் கையில் இருக்க வேண்டும்.

புதுப்பேட்டைக் கடையில் இன்ஜினைப் பார்க்கும்போது பலர் கேட்பது கம்ப்ரஷன், எண்ணெய்க் கசிவு, விலை. அதோடு டிஸ்ட்ரிப்யூட்டர், அதன் மூடி, ரோட்டார், அந்த வண்டியின் காயில், இக்னைட்டர், எர்த் பட்டை எல்லாம் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினாக இருந்தால் இன்ஜின் வயரிங் செட், ஈ.சி.எம்., சாவி, சாவித்துளையைச் சுற்றி இருக்கும் ஆன்டெனா வளையம், ஃபிளைவீல் ஆகியவையும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். வயரைக் கப்ளர் ஓரத்திலேயே வெட்ட விடாமல், கப்ளரோடு ஒரு சாண் வால் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். முடிந்தால் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு இணைப்பையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். வடக்கனந்தலில் பழைய இன்ஜினை இறக்கும்போதும் அதேபோல் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி வைத்தால், செல்ஃப் சுற்றியும் பொறி வராத அன்று அந்தப் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.